விட்டுவிட்டுப் போகத் தெரியாதவர்

கணக்குத் தெரியாத ஒரு டீச்சர்தான் எங்களுக்குக் கணக்குப் படிப்பித்தார். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நாங்களும் ஆரம்பத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள்தான்.

அவர் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மனையியல் டீச்சர். தொதல் என்ற இனிப்புக் கிண்டவும், குழந்தைச் சட்டை தைக்கவும், காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைக்கவும் சொல்லித் தருகிறவர். முப்பது வயது மட்டில் இருக்கும். ஒல்லியான உடம்பு. சேலை முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டு, அதன் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பார். கழுத்தில் தையல்காரரின் அளவு நாடா தொங்கும். கணக்கு வகுப்புக்கு வரும்போதும் அதைக் கழற்ற மறந்துவிடுவார். அளவு எடுக்க வந்தாவோ கணக்கெடுக்க வந்தாவோ என்று பக்கத்தில் இருக்கிற றமீஸா என் காதுக்குள் கேட்பாள்.

புத்தகத்தில் உள்ள கணக்கை அழகான எழுத்தில் பலகையில் எழுதுவார். ஒன்றிரண்டு வரி போவார். பிறகு நின்றுவிடுவார். எங்களுக்கு முதுகு, பலகைக்கு முகம். வெண்கட்டி பலகையைத் தொட்டபடி இருக்கும், நகராது. வகுப்பில் ஈ பறப்பது கேட்கும். கொஞ்ச நேரம் போனதும், “பாப்பம்” என்பார். யாருக்குச் சொல்கிறார் என்று தெரியாது. மறுபடியும் நிற்பார்.

மற்ற டீச்சர்மாருக்குத் தெரியாத கணக்கு வந்தால் தந்திரம் இருக்கும். “இத வீட்ட செஞ்சிக்கிட்டு வாங்க” என்பார்கள். “இது சோதினைக்கு வராது” என்பார்கள். இவருக்கு அந்தத் தந்திரம் ஒன்றும் கைவராது. தெரியாமல் நிற்பதை எங்கள் எல்லாருக்கும் முன்னால் நிற்பார், மணி அடிக்கும்வரை. அடுத்த நாள் வந்து அதே இடத்திலிருந்து மறுபடி நிற்பார்.

இவர் கையில் எங்கள் கணக்கு வந்து விழுந்த கதையைச் சொல்லவேண்டும். எங்களுக்குக் கணக்குப் படிப்பிக்க வந்த சேர்மார் யாரும் நிலைத்ததில்லை. ஒருவர் மாற்றம் எடுத்துக்கொண்டு தன் ஊருக்குப் போனார். ஒருவர் சவூதிக்குப் போனார். கடைசியாக வந்தவர் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருகிற சேர். அவர்தான் கெட்டிக்காரர். வட்டம் கீறினால் கவராயத்தால் கீறியதுபோல இருக்கும். எண்பதுகளின் நடுவில் அந்தத் தமிழ் ஊருக்கும் எங்கள் முஸ்லிம் ஊருக்கும் இடையில் கலவரம் மூண்டது. பெரிய றோட்டில் டயர் எரிந்தது. பள்ளிக்கூடம் கொஞ்ச நாள் மூடிக் கிடந்து, பிறகு திறந்தது. அவர் மட்டும் வரவில்லை. வரச் சொல்லிக் கேட்கிற நிலைமையில் இந்தப் பக்கமும் யாரும் இல்லை.

அவர் கடைசியாகக் கீறிய வட்டம் பலகையிலேயே இருந்தது. வட்டத்துக்குள் ஒரு நாற்பக்கல், பக்கத்தில் நிறுவலின் முதல் வரிகள். பாதியில் நின்றுபோயிருந்தது. அதை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

மனையியல் டீச்சருக்குத்தான் நேரசூசியில் இடம் இருக்கிறது என்று பிரின்சிப்பல் சேர் அவரை எங்கள் வகுப்புக்கு அனுப்பினார். முதல் நாள் அளவு நாடாவோடு வந்தார். பலகையைப் பார்த்தார். றமீஸா அழிக்கத் துணியை நீட்டினாள். டீச்சர் வாங்கவில்லை.

“இது முடியல்லதானே புள்ள?”

“இல்ல டீச்சர். சேர் அரைவாசியில போனவரு.”

“அப்ப இத முடிச்சிட்டுத்தான் மத்தது.”

முடிக்கத் தெரியவேண்டுமே! அன்றைக்கு முழுப் பாடமும் அந்த வட்டத்துக்கு முன்னால் நின்றார். அடுத்த நாளும் நின்றார். நாங்கள் முதலில் சிரித்தோம். பிறகு அலுத்தோம். பிறகு எங்களுக்குப் பயம் வந்தது. ஓ.எல். சோதனை, பதினாறு வயதில் எழுதுகிற அரசாங்கப் பரீட்சை, அந்த டிசம்பரில். கணக்கில் சித்தி, அதாவது தேர்ச்சி, இல்லாவிட்டால் மேலே படிக்க முடியாது, வீட்டில் இருக்கவேண்டியதுதான். இவவோ ஒரு வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா. பொறுக்க முடியாமல் என் பக்கத்திலிருந்து றமீஸா கத்தினாள்: “டீச்சர், நடுவில இருந்து கோடு ரெண்டு இழுத்துப் பாருங்களன்!” டீச்சர் இழுத்தார். பார்த்தார். திரும்பினார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். பெருநாள் பிறை கண்டவர் முகம்.

“வந்திட்டுகா!” என்றார்.

அன்றைக்குத்தான் எங்களுக்கு ஒன்று விளங்கியது. பெரிய மனிதருக்கும் கணக்கு வராமல் இருக்கும். வராமல் நின்றால் ஒன்றும் ஆகிவிடாது. உயிர் போகாது. அதற்குமுன் கணக்குப் பிழைத்தால் எங்களில் பாதிப் பேர் அழுவோம். மீதிப் பேர் பார்த்து எழுதுவோம். நான் அழுகிற கூட்டம்.

எனக்கு அழக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் இருப்பார். ஆகவே பெண்பிள்ளை பெற்ற வாப்பாவுக்கு ஆயுள் முழுக்க வீடு கட்டுகிற வேலைதான். என் வாப்பா வயல்காரர். ஒவ்வொரு போகம் வெட்டி முடிந்ததும் எனக்கென்று ஒரு வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் வளவுக்குள்ளேயே எழுப்பிக்கொண்டிருந்தார். அத்திவாரம் ஒரு போகம், சுவர் ஒரு போகம். பொத்துவிலில் கடை வைத்திருந்த மாமி மகனைப் பேசியும் வைத்திருந்தார்கள்.

வாப்பா கொடுமைக்காரர் இல்லை. நியாயமாகத்தான் சொன்னார்: “கணக்குப் பாஸ் பண்ணினா மேல ஏ.எல். படி. நான் மறிக்கமாட்டன். இல்லாட்டி கூரை ஏறின கையோட கலியாணம்.”

எனக்கு நேரம் காட்டியது அந்தச் சுவர்தான். விடிய வெள்ளாப்பில் எழும்பி முற்றத்துக்கு வந்தால் முதலில் அதுதான் கண்ணில் படும். மேசன்மார் வருகிற நாட்களில் நேரத்தோடேயே பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடுவேன். உம்மா ஆசையாக, “இஞ்சதான் உன்ட குசினி” என்று அடுப்படி வரப்போகிற இடத்தைக் காட்டுவா. நான் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேன்.

டீச்சருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியும். ஊரில் எது யாருக்குத் தெரியாது? ஆனால் அதைப்பற்றி ஒரு நாளும் அவர் என்னிடம் கதைத்ததில்லை. கதைத்ததெல்லாம் தையல்தான். அது எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். கணக்கு இங்கே கிடக்கிறது, இவ தையல் கதைக்கிறா என்று முணுமுணுப்போம். நான் கணக்குப் பிழைத்து, பக்கம் முழுக்கக் குறுக்கே கோடிட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தால் வந்து நிற்பார்.

“தையல் பிழைச்சா சட்டையக் கிழிச்சா எறியிற? எதுமட்டும் நல்ல தையல் எண்டு பாரு.”

ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வரவேண்டும். இது சரி, இதுவும் சரி, இந்த இடத்தில் பிழைத்திருக்கிறது. பிழைத்த வரிக்கு மேலே ஒரு கோடு. அங்கிருந்துதான் பிரித்துத் தைக்கவேண்டும், தொடக்கத்திலிருந்து அல்ல. கணக்கு முழுவதும் பிழை என்று நினைத்து அழுத எனக்கு, பெரும்பாலும் அது ஒரு வரியில்தான் பிழைத்திருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. இந்த ஒரு பழக்கத்துக்காகவே அவருக்கு என் துஆ எப்போதும் உண்டு.

ஆனால் அவர் பிடிவாதம் எல்லா நேரமும் நல்லதாக இருந்தது என்று சொல்லமாட்டேன். சில நேரம் பயமாக இருக்கும்.

ஒருமுறை பிள்ளை ஒருவரின் வாப்பா, பள்ளிக்கூடக் கமிட்டிக்காரர், யன்னலால் எட்டிப் பார்த்திருக்கிறார். டீச்சர் பலகைக்கு முன்னால் சும்மா நிற்கிறார். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தும் அப்படியே நிற்கிறார். மனிசன் நேரே பிரின்சிப்பலின் அறைக்குப் போய்ச் சத்தம் போட்டார். பிரின்சிப்பல் சேர் வந்து வகுப்பின் பின்னால் நின்றார். டீச்சர் திரும்பிப் பார்த்து, கொஞ்சமும் கூச்சமில்லாமல் வெண்கட்டியை நீட்டினார்.

“சேர், எனக்கு இந்த இடம் வருகுதில்ல. உங்களுக்கு வருமா?”

சேர் பலகையை ஏறிட்டுப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். “எனக்கு ஒபிசில வேல இரிக்கி” என்று போய்விட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பு அவர் காதில் விழுந்திருக்கும். ஆனால் சிரித்து முடிந்ததும் எங்களுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. டீச்சருக்கு இன்னும் நிரந்தர நியமனம் இல்லை. அவருக்கே ஓ.எல்.லில் கணக்குச் சித்தி இல்லாததுதான் காரணம் என்று ஊருக்கெல்லாம் தெரியும். அப்படி இருக்கிறவர் பிரின்சிப்பலிடம் வெண்கட்டியை நீட்டலாமா?

இன்னொரு நாள் மாரிமழை. சோதனைக்கு மாதம்கூட இல்லை. எங்கள் வகுப்பறை கடற்கரைப் பக்கத்து ஓலைக் கொட்டில். ஒருங்கமை சமன்பாடு ஒன்றை எழுதிவிட்டு டீச்சர் நின்றுகொண்டிருக்கிறார். வாசலால் வெள்ளம் வந்தது. நாங்கள் காலைத் தூக்கி வாங்கில் வைத்தோம். டீச்சர் சேலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார். மணி அடித்தது. மற்ற வகுப்புப் பிள்ளைகள் கூக்குரலிட்டுக்கொண்டு ஓடினார்கள்.

“டீச்சர், வீட்ட போவம். நாளைக்குப் பாப்பம்” என்றாள் றமீஸா.

“நீங்க போங்க மகள். நான் வாறன்.”

நாங்கள் போகவில்லை, போக முடியவில்லை. ஓலையால் ஒழுகின தண்ணீர் பலகையில் வடிந்து, எழுதின எண்களைக் கழுவிக்கொண்டு போனது. அவர் அழிந்த இடத்தில் மறுபடி எழுதினார். அது மறுபடி அழிந்தது. அப்போது அவரைப் பார்க்க எனக்கு இரக்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. விடத் தெரியாத ஒரு மனிதரை நம்பி என் தலைவிதியை வைத்திருக்கிறேனே என்று நினைத்தேன்.

அந்த டிசம்பர் எங்கள் வகுப்பு முழுவதும் கல்முனைப் பட்டணத்தில் சோதனை எழுதியது. எங்களோடு டீச்சரும் எழுதினார். வெளிவாரியாக விண்ணப்பம் போட்டிருந்தார். “உங்களுக்குப் படிப்பிக்கிற எனக்கு ஒரு சித்தி வேணும்தானே” என்றார். எங்கள் டீச்சர் எங்களோடு வாங்கில் இருந்து சோதனை எழுதியதை ஊரே கதைத்தது.

என் பிழை நடந்தது வரைபுக் கணக்கில். அதைச் சொன்னால் வேறு ஊர்க்காரருக்கு விளங்குமோ தெரியாது. நாங்கள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே குர்ஆன் படிக்க ஓதப்பள்ளிக்குப் போனவர்கள். என் கை முதலில் பழகிய எழுத்து வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போகிற எழுத்து. சாதாரண நேரத்தில் ஒன்றும் இல்லை. பயம் பிடித்தால் என் கை ஓதப்பள்ளிக்குப் போய்விடும். அன்றைக்கும் போயிற்று. நடுவில் பூச்சியத்தை வைத்துவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று இடப்பக்கமாக எழுதிக்கொண்டு போனேன். சய எண்கள், அதாவது பூச்சியத்துக்குக் கீழே உள்ளவை, வலப்பக்கம் போய்விட்டன. அதன்மேல் கீறிய கோடு மற்றப் பக்கம் சாய்ந்து நின்றது. அதிலிருந்து பார்த்து எழுதிய விடைகள் எல்லாம் தலைகீழ். வெளியே வந்து றமீஸாவின் கோடு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. பெரிய றோட்டிலேயே குந்திவிட்டேன்.

அடுத்த நாள் டீச்சர் வீட்டுக்குப் போய், பட்டம் கட்டுகிற மெல்லிய தாளில் அதே கோட்டைக் கீறிக் காட்டி அழுதேன். சும்மா இரு என்று அவர் சொல்லவில்லை. தாளை எடுத்து யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். திருப்பினார். பின்பக்கத்தால் பார்த்தால் என் கோடு சரியான பக்கம் சாய்ந்து நின்றது.

“நீ சரியாத்தான் கீறியிரிக்கா. சட்டைக்கு வலக் கை கேட்டாங்க, நீ இடக் கைய வெட்டிட்டா. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான்! சோதனைக்காரர் இந்தப் பக்கத்தில் நின்றல்லவா பார்க்கிறார்? ஆனாலும் என் மூளை பழுது என்று நினைத்திருந்த எனக்கு, அந்தத் தாளை வெளிச்சத்தில் பார்த்ததும் மூச்சு வந்தது.

பெறுபேறு வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கில் யாருமே தேறாத காலம் போய், அந்த முறை பாதிப் பேர் தேறினார்கள். றமீஸா தேறினாள். நான் இல்லை. டீச்சரும் இல்லை.

சுவர் முடிந்திருந்தது. அடுத்த கிழமை கூரைக்கு மரம் வந்து முற்றத்தில் இறங்கியது. அடுத்த வருடத் தொடக்கத்தில் பெரும்போகம் வெட்டியதும் கூரை. உம்மா பொத்துவிலுக்குச் சொல்லி அனுப்பினா. நான் சாப்பாட்டை விட்டேன். கிணற்றடிக்குப் போனால் அங்கேயே நின்று கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன். உம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவா. அந்த நாட்களைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

ஒரு பின்னேரம் டீச்சர் எங்கள் வளவு வாசல் கடப்படியில் வந்து நின்றார். கையில் குடை. வாப்பா மரத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். எனக்காகக் கெஞ்ச வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

“காக்கா, நான் கணக்கில பெயில்” என்றார் டீச்சர், வாப்பாவை அண்ணன் முறை வைத்து.

வாப்பா திகைத்துப்போனார். ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் வாசலில் வந்து நின்று இப்படிச் சொல்வதை அவர் வாழ்க்கையில் கேட்டிருக்கமாட்டார்.

“டிசம்பருக்கு மறுகாவும் எழுதப் போறன். போன முறை புள்ளயள் எல்லாரும் சேந்து போன. இந்த முறை நான் தனிய. உம்மா படுக்கையில. ஒரு பொம்புள கல்முனைக்குத் தனியப் போய் வாறது சரியில்லதானே? உங்கட மகளத் துணைக்கு விடுங்க.”

“கூரைக்கு மரம் வந்திட்டு டீச்சர்.”

“கூரையப் போடுங்க காக்கா. அதுக்கென்ன? நான் கேக்கிறது எனக்குத் துணைக்கு. சும்மா வாசல்ல நிக்கிற நேரம் அவளும் உள்ளுக்கு இருந்து எழுதட்டும்.”

வாப்பா எண்ணெய்த் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மகளைப் படிக்க விடுங்கள் என்று கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பார். துணைக்கு வா என்று ஒரு பெண் வீடு தேடி வந்து கேட்டால் எங்கள் ஊரில் யாரும் மறுப்பதில்லை. உள்ளேயிருந்து உம்மாவின் குரல் கேட்டது: “அந்தப் புள்ள எப்பிடித் தனியப் போற? நம்மட புள்ளய அனுப்புங்க.”

அப்படித்தான் எனக்கு இரண்டாம் முறை கிடைத்தது.

பின்னேரங்களில் டீச்சர் வீட்டுக்குப் போவேன். உள்ளறையில் அவருடைய உம்மா படுத்திருப்பா. வெளியில் தையல் மெசினுக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் கணக்குச் செய்வோம். என் வலப்பக்கச் சட்டைக் கையின் ஓரத்தில் டீச்சர் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுத் தைத்துவிட்டார். “பூச்சியத்துக்கு மேல உள்ள சக எண் எல்லாம் இந்தப் பக்கம். பயம் வந்தா கையத் தடவிப் பாரு” என்றார். எழுதத் தொடங்குமுன் முடிச்சைத் தடவுவேன். பயம் வரும், ஆனால் கை ஓதப்பள்ளிக்குப் போகாது.

என்னைத் திருத்தினார். அவரைத் திருத்தத்தான் என்னால் முடியவில்லை. அவருக்குக் கணக்கு வராமல் இல்லை. அவ்வளவு காலம் பலகைக்கு முன்னால் நின்று நின்று எங்கள் எல்லாரையும்விட ஆழமாக விளங்கியிருந்தார். ஆனால் ஒரு கணக்கில் மாட்டினால் அதைவிட்டு அடுத்ததுக்குப் போகமாட்டார். சோதனை மண்டபத்தில் அது உதவுமா? போன முறை அவர் பெயிலானது அதனால்தான். ஒரு கணக்கிலேயே நேரம் முழுக்கப் போய்விட்டது.

மணிக்கூட்டைத் தையல் மெசின்மேல் வைத்துவிட்டு நான் டீச்சரானேன். “விடுங்க டீச்சர், அடுத்தது.”

“கொஞ்சம் பொறு மகள்.”

“பொறுக்க ஏலா. நேரம் போகுது. விடுங்க!”

பென்சிலை எடுப்பார், அடுத்த கணக்கில் வைப்பார். கண் மட்டும் பழைய கணக்கிலேயே நிற்கும். கொஞ்ச நேரத்தில் கையும் அங்கே போய்விடும். ஒருநாள் எனக்குக் கோபம் வந்து கேட்டுவிட்டேன்.

“ஏன் டீச்சர் உங்களுக்கு விடவே ஏலாது?”

அவர் முந்தானை நுனியை வாயிலிருந்து எடுத்தார்.

“உங்கட வகுப்ப எத்தின பேர் அரைவாசியில விட்டுட்டுப் போன? முதல் நாள் நான் உள்ளுக்கு வரக்குள்ள நீங்க எல்லாரும் என்னப் பாத்த பார்வ இரிக்கே... இவவும் போயிருவா எண்டு. அண்டைக்கி மனசுக்குள்ள ஒரு சத்தியம் பண்ணின நான். இப்ப அது கையில ஊறிப் போச்சு மகள். நான் என்ன செய்யிற?”

சத்தியம் பண்ணியது பிள்ளைகளுக்கு. அதைக் கணக்குகளுக்கும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

சோதனை நாள் தூறல் மழை. ஒரே குடையில் இருவரும் பஸ்ஸுக்கு நடந்தோம். மண்டபத்து வாசலில் அவர் கையைப் பிடித்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன்: “டீச்சர், அல்லாஹ்வுக்காக. வராட்டி விட்டுட்டுப் போங்க.”

“ஓம் மகள். விடுவன்.”

அவர் எனக்கு முன்வரிசையில், கொஞ்சம் பக்கமாக இருந்தார். வினாத்தாள் வந்தது. நான் முடிச்சைத் தடவிவிட்டுத் தொடங்கினேன். ஒன்று வராதபோது விட்டேன். அடுத்ததற்குப் போனேன். பிழைத்த இடத்தில் கோடு போட்டேன், அங்கிருந்து பிரித்தேன். வரைபு வந்தது. பூச்சியத்திலிருந்து வலப்பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று. கோடு எந்தப் பக்கம் சாயவேண்டுமோ அந்தப் பக்கம் சாய்ந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தலையை நிமிர்த்தினேன்.

டீச்சர் தாளின் முதல் பக்கத்திலேயே இருந்தார். முக்காட்டு நுனி பல்லில். பேனை தாளைத் தொட்டபடி, நகராமல். அந்த முதுகை எனக்குத் தெரியும். ஒரு வருடம் முழுக்கப் பார்த்த முதுகு. அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வட்டம் என்பது இங்கிருந்தே தெரிந்தது.

விடுங்க டீச்சர். மனதுக்குள் கத்தினேன். புரட்டுங்க. ஒரு பக்கத்தைப் புரட்டுங்க. மேற்பார்வையாளர் நடந்து போனார், வந்தார். மற்றவர்களின் தாள்கள் சரசரத்தன. அரைவாசி நேரம் என்று மணி அடித்தது. நான் இருமினேன். வாங்கைக் காலால் தட்டினேன். மேற்பார்வையாளர் என்னை முறைத்தார். டீச்சர் திரும்பவில்லை. தாளும் புரளவில்லை. கடைசி மணி அடித்துத் தாளை வாங்க வந்தபோதுதான் அவர் நிமிர்ந்தார்.

வெளியே மழை பலத்திருந்தது. அவர் குடையை விரிக்காமல் வாசலில் எனக்காக நின்றார்.

“எத்தின கணக்கு டீச்சர்?”

அவர் சிரித்தார். பிறை கண்ட அந்தச் சிரிப்பு.

“ஒண்டுதான் மகள். ஆனா வந்திட்டு.”

நான் நடுறோட்டில் நின்று அவரைப் பார்த்துக் கத்தினேன். விடச் சொன்னேன்தானே, ஓம் என்று சொன்னீங்கதானே என்று என்னவெல்லாமோ சொல்லிக் கத்தினேன். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். டீச்சர் குடையை விரித்து என் தலைக்கு மேலே பிடித்தார். என் வலக்கையை எடுத்து, சட்டை ஓரத்திலிருந்த சிவப்பு முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“இனி இது வேணாம்” என்றார்.

நான் தேறினேன். வாப்பா சொன்ன சொல் மாறவில்லை. கூரை போட்டார், ஆனால் கதவு போடவில்லை. என்னைக் கல்முனைக்கு ஏ.எல். படிக்க அனுப்பினார். பொத்துவில் மாமி மகன் வேறு இடத்தில் கலியாணம் முடித்தார். டீச்சருக்குச் சித்தி வரவில்லை. கொஞ்ச நாளில் மனையியலுக்கு நிரந்தர நியமனம் உள்ள ஒருவர் வந்தார். கணக்குக்கும் ஒரு சேர் வந்தார். டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் இல்லாமல் போயிற்று. அவர் வீட்டில் தையல் மெசின் பகல் முழுக்க ஓடுகிற சத்தம் கேட்கும். நான் போகும்போதெல்லாம், “இந்த முறை விடுவன் மகள்” என்பார். நான் ஓம் என்று தலையாட்டுவேன். நம்பவில்லை.

அடுத்த டிசம்பர் சோதனைக்கு விண்ணப்பம் போடுகிற நாட்களில் ஒரு காலையில், கதவில்லாத என் புதுவீட்டு யன்னலோரம் புத்தகத்தோடு இருந்தேன். எதிர் ஒழுங்கையில் ஒரு வீட்டுக் கடப்படியில் டீச்சர் குடையோடு நின்றார். அந்த வீட்டுப் பிள்ளை போன முறை கணக்கில் பெயில். அன்றிலிருந்து அவளை வெளியில் கண்டவர்கள் குறைவு. டீச்சரின் குரல் தெளிவாகக் கேட்டது.

“காக்கா, எனக்குத் தனியப் போக ஏலா. உங்கட மகளத் துணைக்கு விடுங்க.”

அந்த வாப்பா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளை ஒரு காலில் செருப்பும் மறுகாலுக்குத் தேடலுமாக வாசலுக்கு ஓடி வந்தது.